சிறந்த லத்தீன் பாப் பாடகி, புதுக்கோட்டை மாவட்டம்

இந்த விவரத்தை இதை எழுதுகிறவன் ஏழு வருடங்களாக நம்பவில்லை. சொன்ன உதயசூரியன் பொய் சொல்கிற ஆள் இல்லை. முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அர்த்தமில்லை; கடித எண் போடாமல் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். இருந்தாலும் சந்தேகம் போகவில்லை. ஒரு அலுவலகம் இவ்வளவு தூரம் போகுமா என்று ஒரு வருடம் தோன்றும். போகாமல் இருக்குமா என்று மறு வருடம் தோன்றும். எதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டோம் என்று புரிய இவ்வளவு காலம் ஆகிவிட்டது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லிவிடுவதுதான் முறை.

உதயசூரியன் வேலை பார்த்தது மாவட்ட இசை மேம்பாட்டு அலுவலகத்தில். புதுக்கோட்டையில் அப்படி ஒரு அலுவலகம் இருப்பது பலருக்குத் தெரியாது. அலுவலகத்துக்கும் அதில் வருத்தமில்லை. ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. மாவட்ட அலுவலர் ரகுநாத் ஒரு அறையில் இருந்தார். உதயசூரியனும், ஒப்பந்த ஊழியராகக் கணினி பார்த்த ஷீபாவும் இன்னொன்றில் இருந்தார்கள். இசை சம்பந்தமாக ஒரு ஆர்மோனியம் இருந்தது. மின்விசிறி ஓடும்போது காகிதங்கள் பறக்காமல் இருக்க அதை மேலே வைப்பார்கள்.

ஒரு தை மாதத்துத் திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மேலிடத்தில் இருந்த ஒருவர் வெளிநாட்டுக்குப் போய், உலக இசை விருது விழா ஒன்றை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே லத்தீன் பாப் பாடகிகளுக்கென்றே தனியாக விருது கொடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் மேடை ஏறியதும் அரங்கமே எழுந்து நிற்கிறது. நம் மாவட்டங்களில் அப்படி யாருக்கும் எவரும் எழுந்து நிற்பதில்லையே என்ற கவலை விமானத்திலேயே அவரை வாட்டத் தொடங்கிவிட்டது. இறங்கிய மூன்றாம் நாள் ஆணை பிறந்தது. அந்த விழாவில் இருந்த பிரிவுகளை அப்படியே தமிழில் பெயர்த்து, மாவட்டத்துக்கு எண்பத்து மூன்று விருதுகள் வழங்க வேண்டும். சுற்றறிக்கையின் கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: "இன்மை அறிக்கை ஏற்கப்படமாட்டாது."

இன்மை அறிக்கை என்பது, கேட்கப்பட்ட பொருள் எங்களிடம் இல்லை என்று எழுதிக் கொடுப்பது. அரசாங்கத்தில் புழங்கும் காகிதங்களிலேயே மிக நேர்மையானது அதுதான். அதனால்தானோ என்னவோ, அதை அடிக்கடி தடை செய்துவிடுகிறார்கள்.

எண்பத்திரண்டு பிரிவுகள் பத்து நாளில் நிரம்பின. ஜாஸ் பிரிவுக்குக் கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கும் ஒரு பேண்டு செட். குழந்தைகள் இசைப் பிரிவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் காலைப் பிரேயர். சிறந்த ஒலிப் பொறியாளர் பிரிவுக்குக் கீரமங்கலம் பக்கத்து மைக்செட்காரர் ஐயனார். எண்பத்து மூன்றாவது பெட்டி மட்டும் காலியாக இருந்தது. சிறந்த லத்தீன் பாப் பாடகி.

"லத்தீன் பாப்புன்னா என்னய்யா?" என்று கேட்டார் ரகுநாத்.

"லத்தீன்ல பாடுறதா இருக்கும்னு நம்ம பாதரைக் கேட்டேன் சார். லத்தீன் பூசையை நிறுத்தி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்குறாரு" என்றார் உதயசூரியன்.

"பாப்பு?"

"அதை அவங்க ஆரம்பிக்கவே இல்லையாம்."

ஷீபா கணினியிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள். "லத்தீன் பாஷை இல்ல சார். லத்தீன் அமெரிக்கா. ஸ்பானிஷ்ல பாடுவாங்க. இப்ப நம்ம ஆட்டோவுலகூட ஓடுது."

"ஓடுதுல்ல. அப்ப ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்."

"பாட்டு இங்கிட்டு ஓடுது சார். பாடுறவங்க அங்கிட்டு இருக்காங்க."

"சரி, இல்லைன்னு போடு."

"எடுக்க மாட்டேங்குது சார்."

"ஒரு கோடு போட்டு விடு."

"கோடும் எடுக்காது. பேரு, தகப்பனார் பேரு, தாலுகா, ஆதார் நம்பர் கேக்குது."

மறுநாள் காணொளி ஆய்வுக் கூட்டம். திரையில் தமிழ்நாட்டு வரைபடம் தெரிந்தது. எல்லா மாவட்டமும் பச்சை. புதுக்கோட்டை மட்டும் சிவப்பு. பாலைவனம்போல் வறண்டு கிடக்கும் மாவட்டங்கள்கூட ஒரு லத்தீன் பாப் பாடகியைக் கண்டெடுத்துவிட்டிருந்தன. ரகுநாத் திரையின் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். இன்னும் இரண்டு நாளில் ஒருவரை அடையாளம் காண்பதாக வாக்களித்தார்.

"நம்ம ஆபீசுல பெண் பாடகின்னு எத்தனை பேரு பதிஞ்சிருக்காங்க?" என்று கூட்டம் முடிந்ததும் கேட்டார்.

"பதிஞ்சது ஒண்ணுமில்ல சார். பதியச் சொல்லி வந்த மனு ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, உதயசூரியன் ஆர்மோனியத்தைத் தூக்கி அடியிலிருந்து ஒரு மனுவை எடுத்தார்.

மனு கொடுத்தவர் செல்வராணி. வயது நாற்பத்தாறு. கீரமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். விடிவதற்கு முன் முல்லைத் தோட்டத்தில் பூப் பறித்துக் கமிஷன் கடையில் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அந்த ஊரில் ஆவணியில் மது எடுப்புத் திருவிழா நடக்கும். பெண்கள் குடத்தில் நெல் நிரப்பி, அதில் தென்னம்பாளையைச் செருகி, தலையில் எடுத்துக்கொண்டு ஊர்வலமாக வருவார்கள். கோயில் வாசலில் குடங்களை இறக்கி வைத்துச் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். கும்மிக்கு ஒருவர் முன்பாட்டுப் பாட வேண்டும். இருபது வருடமாகப் பாடியவர் செல்வராணி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விதி வந்தது. மைக்குக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் 'பாடுபவர்' என்ற இடத்தில், பதிவு பெற்ற கலைஞரின் அட்டை எண்ணை எழுத வேண்டும். எண் இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டை மட்டும் போடலாம். அன்றிலிருந்து அந்த ஊர்க் கும்மிக்கு ஐயனாரின் மைக்செட்தான் பாடியது. செல்வராணி அட்டை கேட்டு மனுப் போட்டார். பாடச் சொல்லிக் கேட்டுப் பார்த்துத்தான் அட்டை தர முடியும். கேட்டுப் பார்ப்பதற்கான குழு இன்னும் அமைக்கப்படவில்லை. ஆகவே மனு மூன்று வருடமாகப் பரிசீலனையில் இருந்தது. ஆர்மோனியத்துக்குக் கீழே என்றும் சொல்லலாம்.

"இந்தம்மா பாடுமா?" என்றார் ரகுநாத்.

"பாடும்னு மனுவுல எழுதியிருக்கு சார்."

"ஷீபா, லத்தீன் பாப்புக்கு என்ன விளக்கம் போட்டிருக்கான், படி."

"வெப்ப மண்டலப் பகுதி மக்கள் தாளத்தோடு சேர்ந்து ஆடிப் பாடும் வெகுசனப் பாடல்."

"கும்மி சேந்து ஆடிப் பாடுறதுதானே?"

"ஆமா சார்."

"கீரமங்கலம் என்ன, குளிர் மண்டலமா?"

மே மாதத்தில் கீரமங்கலத்துக்குப் போனவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

ஒரு நிபுணர் சான்று மட்டும் தேவைப்பட்டது. மாவட்டத்தில் லத்தீன் பற்றித் தெரிந்தவர் என்று விசாரித்ததில் உமாவின் பெயர் வந்தது. திருமயம் பக்கத்து செட்டியார் வீட்டுப் பெண். சென்னையில் லத்தீன் பாட்டுக்கு உடற்பயிற்சி ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடத்துகிறார். பெரியப்பா உடையப்பனின் மணிவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்தார். உதயசூரியன் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்தப் பெரிய வீட்டின் முகப்பில் அவருக்குப் பலகாரமும் காப்பியும் கொடுத்தார்கள். உமா மனுவில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கண்ணைப் பாருங்க. எவ்வளவு வேகம். இதுதாங்க லத்தீன்."

"அம்மா, கீரமங்கலம் பக்கந்தான். ஒரு தடவை பாடச் சொல்லிக் கேட்டுட்டு..."

"கேக்கலாங்க. எனக்குத் தேவைப்படலை. லத்தீனுங்கிறது காதுல இல்ல, எனர்ஜியில இருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல எனக்குக் கார் வந்துரும்."

உதயசூரியனுக்கும் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் வற்புறுத்தவில்லை. சான்றில் உமா சுழித்துக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஐந்தே காலுக்கு மாவட்டம் பச்சையானது.

செல்வராணியிடம் செய்தி சொல்ல உதயசூரியனே பூ மார்க்கெட்டுக்குப் போனார். கமிஷன் கடை வாசலில் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கார்டு வந்துருச்சாங்க?"

"கார்டைவிடப் பெருசும்மா. விருது. லத்தீன் பாப் பாடகின்னு குடுக்குறாங்க."

"அது யாருங்க?"

"நீங்கதான்."

செல்வராணி கூடையை நிமிர்த்தி வைத்தார். "அதை வச்சு ஆவணியில பாட விடுவாங்களா?"

"விருது வாங்குனவங்களை யாரும்மா தடுப்பா?"

அப்படிச் சொன்னபோது தான் அதை முழுமனதாக நம்பியதாக உதயசூரியன் சொல்கிறார். அந்த ஒரு இடத்தில் எப்போதும் குரல் தணிந்துவிடும்.

விழா பங்குனியில் நடந்தது. உமா சென்னையிலிருந்து அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த ஒரு சிவப்பு கவுனை அனுப்பியிருந்தார். சேலைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று சீட்டில் எழுதியிருந்தது. காதோரம் செருக ஒரு பெரிய காகித ரோஜா. முப்பது வருடமாகப் பூவோடு பழகிய செல்வராணி அதை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் செருகிக்கொண்டார்.

வாழ்த்துரை வழங்க ஒரு பேராசிரியர் வந்திருந்தார். தலைப்பு, 'குடுமியான்மலையும் கொலம்பியாவும்'. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே மலைப்பாறையில் சுரங்களை வெட்டி வைத்த மண் இது. அந்தச் சுரங்கள் கல்லிலேயே சும்மா இருந்திருக்குமா. காற்றில் கலந்து, கடலில் இறங்கி, மேற்கே போய்க் கரையேறியதன் பெயர்தான் லத்தீன் பாப் என்று அவர் ஐம்பது நிமிடத்தில் நிறுவினார். ஆதாரம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நம்மிடமிருந்து போனது என்று சொன்னால் நாம் எதையும் நம்புவோம். கைதட்டலில் பந்தல் ஆடியது. அந்தக் கைதட்டலில் உதயசூரியன் பங்கும் உண்டு.

அவரைத் தொடர்ந்து இன்னும் ஏழு பேர் வாழ்த்தினார்கள். மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. செல்வராணி மேடையில் எழுந்து மைக் பக்கம் வந்தார். தொகுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், ரகுநாத்தைப் பார்த்தார், பிறகு அறிவித்தார்.

"நேரமின்மை காரணமாக, செல்வராணி அவர்கள் பாடியதாகக் கருதப்படுகிறது."

அரங்கமே எழுந்து நின்றது. பின்பக்கம் பந்தி தயார் என்ற செய்தியும் அதே நேரத்தில்தான் வந்தது. இரண்டில் எதற்காக எழுந்தார்கள் என்பதைப் பற்றிக் கோப்பில் குறிப்பு இல்லை. கித்தார் வடிவத்தில் செய்த ஒரு கேடயத்தைச் செல்வராணியின் கையில் கொடுத்து ஐந்து பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

அன்றே பழைய மனுவும் முடித்து வைக்கப்பட்டது. "மனுதாரர் கோரியதைவிட உயர்ந்த தகுதி அவருக்கு வழங்கப்பட்டுவிட்டதால், மேற்படி மனு மீது மேல்நடவடிக்கை தேவையில்லை." உதயசூரியன்தான் எழுதினார். நல்ல வாக்கியம் என்று ரகுநாத் பாராட்டினார்.

படம் பேப்பரில் வந்ததும் மாவட்டத்தில் லத்தீன் காய்ச்சல் பிடித்தது. அழகு நிலையங்களில் லத்தீன் மணப்பெண் அலங்காரம் வந்தது. கறம்பக்குடியில் ஒரு துணிக்கடை வாசலில் சிவப்பு கவுன் தொங்கியது. அதை வாங்கிப் போன பெண்கள் சேலைக்கு மேலேயே மாட்டினார்கள், அதுதான் முறை என்று பேப்பரில் பார்த்திருந்தார்களே. கோடை விடுமுறையில் ஒரு தனியார் பள்ளி, அபாகஸ் வகுப்புக்கும் இந்தி வகுப்புக்கும் நடுவே ஒரு மணி நேரம் லத்தீன் பாப் வகுப்பு வைத்தது. பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன்மார், இதைப் படித்தால் பிறகு மெடிக்கலுக்கு உதவுமா என்று கேட்டார்கள். உதவும் என்றது பள்ளி.

ஆடி மாதத்தில் ஒருநாள் செல்வராணி மஞ்சப் பையில் கேடயத்தோடு மாடிப்படி ஏறி வந்தார்.

"ஸ்டேசன்ல மாட்டேங்குறாங்க சார்."

"ஏம்மா, விருது நம்பரை எழுதலையா?"

"எழுதுனதுதான் வெனை. நம்பரைப் போட்டா 'அயல்நாட்டு இசை'ன்னு வருதாம். கோயில் திருவிழாவுல அயல்நாட்டுப் பாட்டு கூடாதாம். ஒங்களுக்குப் பாஸ்போர்ட்டு இருக்கான்னு வேற கேக்குறாரு ஏட்டையா. விருது இல்லாம இருந்தப்பவாச்சும் நான் இந்த ஊருக்காரியா இருந்தேன்."

உதயசூரியன் அவரை உட்காரச் சொன்னார். ஷீபாவிடம் கணினியைப் பார்க்கச் சொன்னார்.

"இவங்களை நாட்டுப்புறத்துக்கு மாத்திவிட முடியுமா?"

"ஒருத்தருக்கு ஒரு பிரிவுதான் சார். விருதை ரத்து பண்ணினாத்தான் மாத்தும்."

"ரத்து பண்ணுங்க. நானே எழுதித் தாரேன். இந்தாங்க, இதையும் வச்சுக்கங்க" என்று செல்வராணி கேடயத்தை மேசை மேல் வைத்தார்.

விருதை ரத்து செய்ய ஒரு குழு வேண்டும். ஒருவருக்கு விருது கொடுக்கக் குழு தேவைப்படவில்லை, எடுக்கத் தேவைப்பட்டது. ரகுநாத் தலைவர். உமா சென்னையிலிருந்து கைபேசியில். உதயசூரியன் குறிப்பெடுப்பவர்.

"நீங்க லத்தீன் பாப் பாடகி இல்லைன்னு சொல்றீங்க" என்று தொடங்கினார் ரகுநாத்.

"ஆமாங்க."

"ஆதாரம்?"

"எனக்குத் தெரியாதுங்க. அதுதான் ஆதாரம்."

"தெரியாதுன்னு யாரு வேணா சொல்லலாம். ஒரு லத்தீன் பாட்டைப் பாடிக் காட்டுங்க. தப்பா இருந்தா உடனே ரத்து பண்ணிரலாம்."

"தெரியாத பாட்டை எப்புடிங்க பாடுறது?"

"அதைத்தான் குழு பாக்கணும்."

செல்வராணி உதயசூரியனைப் பார்த்தார். அவர் பேனாவைப் பார்த்தார்.

"கும்மிப் பாட்டு பாடுறேங்க. ரெண்டு நிமிசம் கேளுங்க. கேட்டுட்டு, நான் எந்த ஊருக்காரின்னு நீங்களே சொல்லுங்க."

"அது நாட்டுப்புறப் பிரிவும்மா. இந்தக் குழுவுக்கு அதைக் கேக்குற அதிகாரம் இல்ல. கேட்டோம்னு வெளியில தெரிஞ்சா எங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும்."

"நீங்க நேச்சுரலா இருங்கம்மா" என்றார் உமா, கைபேசியில்.

செல்வராணி நின்றார். இரண்டு நிமிடம் அறையில் மின்விசிறி மட்டும் பேசியது. உதயசூரியன் குறிப்பில் இவ்வாறு எழுதினார்: "வாய்ப்பு வழங்கப்பட்டபோது கலைஞர் மௌனம் காத்தார். மௌனத்தில் லத்தீன் பாப் இலக்கணத்துக்கு மாறாக ஏதும் காணப்படவில்லை. விருது உறுதி செய்யப்படுகிறது."

அன்று செல்வராணி கேடயத்தை எடுக்காமல் போனார். உதயசூரியன் படியிறங்கி ஓடிப்போய், அது அலுவலகத்தில் இருக்கக் கூடாது, இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கறம்பக்குடிக்காரர். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அன்று கண் அயரவில்லை. ஆலங்குடி தாண்டும்போது அவருக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்று ஒன்று உண்டு. அயல்நாட்டுப் பிரிவுக் கலைஞர் ஒருவர் விருந்தினராக எந்தத் திருவிழாவிலும் பதினைந்து நிமிடம் பாடலாம். ஒரே நிபந்தனை, தமக்குரிய பிரிவுப் பாடல்களை மட்டுமே பாட வேண்டும். மறுநாள் ஷீபா தட்டச்சு செய்தாள். 'விருது பெற்றோரைப் பயன்படுத்தியமை குறித்த முன்னேற்ற அறிக்கை' என்று தலைப்பு வைத்தார்கள். முன்னேற்றம் என்ற சொல் இருக்கும் காகிதத்தை ரகுநாத் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டார்.

உதயசூரியன் ஆணையோடு பூ மார்க்கெட்டுக்குப் போனார்.

"லத்தீன் மட்டுந்தான் பாடணும்னு போட்டிருக்கே சார்" என்றார் செல்வராணி.

"ஆமா. ஆனா நீங்க லத்தீன் பாப் பாடகின்னு கவருமெண்டு ரெண்டு தடவை எழுத்துல சொல்லியிருக்கு. அப்ப நீங்க எதைப் பாடுனாலும் அது லத்தீன் பாப்புதான். இல்லைன்னு எவனாலயும் சொல்ல முடியாது."

"என் பாட்டையே பாடலாங்களா?"

"அதைத்தான் பாடணும். வேறெதைப் பாடுனாலும் சட்ட விரோதம்."

செல்வராணி சிரித்துவிட்டார். அவர் சிரித்து உதயசூரியன் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு பந்து முல்லையை வாழை இலையில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்க என்று கொடுத்தார். முப்பத்தொரு வருட வேலையில் தான் ஒருவருக்கு உருப்படியாகச் செய்த காரியம் இது என்று அவருக்குப் பட்டது.

ஆவணியில் மது எடுப்பு. பிற்பகல் நாலு மணிக்கு எழுபது எண்பது குடங்கள் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தன. தென்னம்பாளைகள் வெயிலில் தங்கமாக ஆடின. உதயசூரியனும் வந்திருந்தார். கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. காரணம், ஐயனார் வைத்திருந்த பிளக்ஸ். இருபது அடி உயரத்தில் சிவப்பு கவுனும் காகித ரோஜாவுமாகச் செல்வராணி. கீழே, 'லத்தீன் அமெரிக்காவே வியந்த நம்ம ஊர்க் குயில்'. ஐயனார் விழாக் கமிட்டித் தலைவராகவும் ஆகியிருந்தார். விருது பெற்ற ஒலிப் பொறியாளர் இருக்கும்போது வேறு யாரைப் போட முடியும்?

செல்வராணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மைக் பக்கம் வந்தார்.

"அத்தாச்சி, என்னா பாடப் போறீங்க?" என்றார் ஐயனார்.

"நம்ம பாட்டுத்தான்."

"அதுக்கா இம்புட்டுப் பெரிய பிளக்ஸ் அடிச்சேன்? பேராவூரணியிலேர்ந்தெல்லாம் ஆளு வந்துருக்கு. லத்தீனைப் பாடுங்க."

"இதுதான் லத்தீனுன்னு கவருமெண்டுல சொல்லிட்டாங்கய்யா. இந்தா சார் நிக்கிறாரு, கேளு."

"கவருமெண்டு ஆயிரம் சொல்லும். நாங்க தெனம் போன்ல கேக்குறோமுல்ல. எங்களுக்குத் தெரியாதா?"

ஆணையின் நகலை வைத்திருந்த ஏட்டு நடுவில் வந்தார். "லத்தீன் பாப் மட்டும்னு போட்டிருக்கு. இவங்க 'நம்ம பாட்டு'ங்குறாங்க. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சவங்க சொன்னா எழுதிக்கிறேன்."

உதயசூரியன் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் கைபேசியை உயர்த்தி ஒரு பாட்டை ஓடவிட்டான். "இது லத்தீன் பாப்பு. அத்தாச்சி பாடுறது கும்மி. எங்க ஊருல பொறந்த எல்லாருக்கும் தெரியும்" என்றான். ஆமாம் என்றது கூட்டம். குடத்தோடு நின்ற பெண்களும் ஆமாம் என்றார்கள்.

அலுவலகம் இரண்டு, நிபுணர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், குழு ஒன்று என்று எத்தனையோ பேர் கை வைத்த அந்த விவகாரத்தில், முதன்முதலாக உண்மையைச் சொன்னது அந்தக் கூட்டம்தான். ஏட்டு அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், செல்வராணி பாடுவது சட்டப்படி குற்றமாகிவிட்டது.

"அப்ப ரெக்கார்டைப் போடு" என்று யாரோ சொன்னார்கள்.

ஐயனார் கைபேசியை வாங்கி மைக்செட்டில் இணைத்தார். ஸ்பானிஷ் மொழியில் ஒரு பெண் குரல் கோயில் வாசல் முழுக்க நிரம்பியது. அயல்நாட்டு இசை கூடாது என்ற விதி பாடுபவருக்குத்தான், பதிவு செய்த பாட்டுக்கு அல்ல என்று ஏட்டு தெளிவுபடுத்தினார். பெண்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி கைதட்டினாள். குனிந்து நிமிர்ந்து சுற்றத் தொடங்கினார்கள். தாளம் எங்கும் உதைக்கவில்லை. கும்மி அவ்வளவு பிரமாதமாக அமைந்து வெகுநாளாயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். உமா சொன்ன எனர்ஜி அன்று இருந்தது.

செல்வராணியும் வட்டத்தில் சேர்ந்துகொண்டார். மது எடுத்தவர்கள் கும்மியிலிருந்து ஒதுங்கி நிற்கக் கூடாது. கையைக் கொட்டிக்கொண்டு சுற்றி வந்தார். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் வந்த பாட்டின் வார்த்தைக்கு அந்த அசைவு பொருந்தவில்லை. உதயசூரியன் பத்தடி தூரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் செல்வராணியின் முகம் எதிரே வந்து போனது.

விழா பற்றிய அறிக்கை வெற்றிகரமாக அனுப்பப்பட்டது. மாவட்டம் இரட்டைப் பச்சை பெற்றது. ரகுநாத் தலைமையகத்துக்கு மாறுதலாகிப் போனார். செல்வராணி அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவில்லை.

போன மாதம் புதிய பேருந்து நிலையத்து டீக்கடையில் உதயசூரியன் இதை மறுபடியும் சொன்னார். எப்போதும் முடிக்கிற மாதிரியே முடித்தார். "என்ன செஞ்சு என்ன. அந்தம்மா மாதிரி பாட இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது. என்னா கொரலு. அதைப் போயி வாய அடைச்சுப்புட்டோம்." கண்கூடக் கலங்கியது. இதை எழுதுகிறவனும் எப்போதும்போல் தலையாட்டினான். ஏழு வருடமாக, தெரிந்தவர்களிடமெல்லாம் அதே வார்த்தைகளில் அந்தக் குரலைப் புகழ்ந்திருக்கிறான். கேட்டவர்களும் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. கறம்பக்குடி பஸ் வந்து நின்றது. உதயசூரியன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவரிடம் கேட்க வாய் வந்தது.

"சார், அந்தம்மா பாடி நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"